ராத்திரி ஓடுற குழாயும் காலையில கேக்குற கையெழுத்தும்: டர்பன் தங்கச்சிக்கு ஒரு வக்கீலோட பதில்

இந்த தடவ ஒரே ஒரு லெட்டர்தான் எடுத்திருக்கேன், ஏன்னா இத பாதியில விட முடியல. எழுதினவங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன் தெற்குப் பக்கம் துணிக்கு சாயம் போடுற ஒரு ஃபேக்டரியில ஒன்பது வருஷமா சேஃப்டி, என்விரான்மென்ட் ரெண்டையும் பாக்குற ஆபீசர். வயசு 34, சாட்ஸ்வொர்த்ல வீடு, ரெண்டு பிள்ளைங்க, வீட்டுக்காரருக்கு போன வருஷத்துல இருந்து வேலை இல்ல. ஆள் யாருன்னு தெரியாம இருக்க சில விவரத்த மாத்தியிருக்கேன்.

அவங்க எழுதினதோட சுருக்கம் இதுதான். ஃபேக்டரியில சாயத் தண்ணிய சுத்தம் பண்ற டேங்க் சின்னது, ஆர்டர் கூடினா தாங்காது. அப்போ நைட் ஷிஃப்ட்ல ஒரு ஹோஸ் பைப் போட்டு பின்னாடி கேட் பக்கத்துல இருக்கிற மழைத்தண்ணி டிரெயின்ல பம்ப் பண்ணி விடுறாங்க. முனிசிபாலிட்டில இருந்து சாம்பிள் எடுக்க வர்ற அன்னிக்கு குழாய்த் தண்ணி கலந்து நிறத்த வெளுக்க வைக்கிறாங்க. இப்போ ஒரு பெரிய துணிக்கடை கம்பெனி, இவங்களோட முக்கிய கஸ்டமர், சஸ்டெய்னபிலிட்டி ரிப்போர்ட், அதாவது சுற்றுச்சூழல் விஷயத்துல எப்படி நடந்துக்கறாங்கன்னு ஒரு அறிக்கை, கேட்டிருக்கு. அதுல "இந்த வருஷம் எந்த விதிமீறலும் இல்ல"ன்னு எழுதி கையெழுத்து போடச் சொல்றார் முதலாளி. அவரு வேற யாரோ இல்ல, இவங்க அப்பாவோட நண்பர், இவங்க "அங்கிள்"னு கூப்பிடுறவர், கோயில்ல ட்ரஸ்டி, காவடிக்கும் புரட்டாசிக்கும் அன்னதானம் அவரோட செலவு. போன ரெண்டு வருஷம் இதே மாதிரி ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டிருக்காங்க, இந்த தடவ கை வரல. காரணம், ஒரு நாள் மெரிபேங்க் கட்டிங்ஸ் பீச் பக்கம் நடந்து போனப்போ கால்வாய் ஓரத்துல நுரை நீலமா ஒதுங்கி கிடந்ததாம், அதுக்கு பத்தடி தள்ளி ஒரு வயசான தாத்தா தூண்டில் போட்டுட்டு உக்காந்திருந்தாராம். "அந்த நீலம் எங்க செவ்வாக்கிழமை ஆர்டர் அக்கா, எனக்கு அந்த ஷேட் நம்பரே தெரியும்"னு எழுதியிருக்காங்க.

அவங்க கேள்வி மூணு. கையெழுத்து போட்டுட்டு பேசாம இருக்கட்டுமா, சத்தமில்லாம வேலைய விட்டுடட்டுமா, இல்ல போன்ல இருக்கிற வீடியோவ பேர் போடாம ஃபேஸ்புக் குரூப்ல போட்டுடட்டுமா?

தங்கச்சி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நான் மெரிபேங்க்ல வளந்தவ. ராத்திரி காத்து திரும்பினா அம்மா எழுந்து ஜன்னல் எல்லாம் சாத்துவாங்க, கெட்ட முட்டை மாதிரி ஒரு நாத்தம் வரும், என் தம்பிக்கு ஆஸ்துமா பம்ப் இல்லாம தூக்கம் வராது. அதனால உங்க லெட்டர நான் வெறும் வக்கீலா மட்டும் படிக்கல. ஆனா பதில் வக்கீலாதான் சொல்லணும், ஏன்னா உங்களுக்கு இப்போ ஆறுதல விட வழிதான் தேவை.

நீங்க எழுதினதுல அஞ்சு இடத்துல ஒரு தப்பான நினைப்பு இருக்கு, அத ஒண்ணொண்ணா எடுத்துடுவோம்.

"நான் வெறும் எம்ப்ளாயிதானே, பொறுப்பு அவருதானே"

பாதி சரி. 1998-ஆம் வருஷத்து தேசிய சுற்றுச்சூழல் மேலாண்மை சட்டம் 34வது பிரிவுல கம்பெனி செஞ்ச குத்தத்துக்கு டைரக்டரும் பொறுப்புன்னு இருக்கு, தடுக்க நியாயமா செய்ய வேண்டியத அவர் செய்யாம விட்டிருந்தா அவரே அந்த குத்தத்த செஞ்ச மாதிரிதான். இது ஏட்டுல மட்டும் இல்ல, 2014-ல லிம்போபோவுல அனுமதி இல்லாம களிமண் தோண்டி ஊர் நிலத்த நாசம் பண்ணின ஒரு கம்பெனியோட டைரக்டருக்கு அஞ்சு வருஷ ஜெயில் தண்டனை போட்டு, நிலத்த சரி பண்ணிக் கொடுக்கணும்ங்கிற கண்டிஷன்ல நிறுத்தி வச்சாங்க. ஆனா அதே 34வது பிரிவு மேனேஜர், ஏஜென்ட், எம்ப்ளாயி எல்லாரையும் தொடுது. எந்த வேலை உங்க பொறுப்புல இருக்கோ அதுல நீங்க செஞ்சது இல்ல செய்யாம விட்டது குத்தமானா, முதலாளி மாதிரியே உங்களையும் தண்டிக்கலாம். என்விரான்மென்ட் ஆபீசர்ங்கிற பேர்ல நீங்க போடுற கையெழுத்து டெலிவரி நோட்டுல போடுற கையெழுத்து மாதிரி இல்லம்மா.

குத்தம் எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுக்கணும்னா, 1998-ஆம் வருஷத்து தண்ணிச் சட்டம் 151வது பிரிவுப்படி வேணும்னோ கவனக்குறைவாலயோ தண்ணிய கெடுத்தா முதல் தடவைக்கே அஞ்சு வருஷம் வரைக்கும் போகலாம். சுற்றுச்சூழல் சட்டத்துல பெரிய அளவுல மாசு பண்ணின குத்தத்துக்கு மேல் வரம்பு 1 கோடி ரேண்ட் அபராதம் இல்ல பத்து வருஷ ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம்.

"எல்லாம் கடைசியில ஒரே சாக்கடைதானே"

இது அங்கிள் உங்ககிட்ட சொன்னது, நீங்க அத லெட்டர்ல அப்படியே எழுதியிருக்கீங்க, உங்களுக்கே அது தப்புன்னு தெரியும்னு நினைக்கிறேன். சாக்கடை குழாய் சுத்திகரிப்பு நிலையத்துக்கு போகுது, அதுல சாயத் தண்ணி விடத்தான் டர்பனோட எதெக்வினி முனிசிபாலிட்டி உங்களுக்கு பெர்மிட் கொடுத்திருக்கு. மழைத்தண்ணி டிரெயினுக்கு அந்தப் பக்கம் எந்த நிலையமும் கிடையாது, நேரா ஆறு, நேரா கடல். 2021 ஜூலை கலவரத்துல கார்னூபியாவுல பூச்சிமருந்து கிடங்கு எரிஞ்சப்போ என்ன ஆச்சுன்னு நம்ம ஊர்க்காரங்க யாரும் மறக்கல, தீயணைக்க ஊத்தின தண்ணியும் ரசாயனமும் சேந்து இப்படித்தான் ஓஹ்லாங்கா ஆத்துல இறங்கி மீனெல்லாம் செத்து மிதந்துச்சு, உம்ஷ்லாங்கா பக்கத்து பீச் மாசக் கணக்கா மூடிக் கிடந்துச்சு. அது விபத்து மாதிரி நடந்தது, உங்க ஃபேக்டரியில நடக்குறது டைம்டேபிள் போட்டு நடக்குது. பருத்திக்கு போடுற ரியாக்டிவ் சாயத்துல ஒரு பங்கு துணியில ஒட்டாம உப்போட சேந்து வெளிய வரும்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா என்ன.

குழாய்த் தண்ணி கலக்குறது பத்தியும் ஒரு வார்த்தை. பெர்மிட்டோட கண்டிஷன் பக்கத்த எடுத்து படிங்க, கலந்து நீர்க்க வைக்கிறத தடை பண்ற வரி பெரும்பாலும் இருக்கும். இருந்துச்சுன்னா சாம்பிள் பாஸ் ஆனாலும் அன்னிக்கு நடந்தது மீறல்தான்.

"நாங்க ஜே.எஸ்.ஈ பங்குச்சந்தையில இல்ல, எங்களுக்கு எந்த கமிட்டியும் தேவையில்ல"

இங்கதான் நான் கால்குலேட்டர் எடுத்து உக்காந்தேன். கிங் ரிப்போர்ட்டுன்னு நீங்க எழுதினது சட்டம் இல்ல, நல்ல நிர்வாகத்துக்கான வழிகாட்டி, பங்குச்சந்தையில இருக்கிற கம்பெனிய லிஸ்டிங் விதி கட்டிப் போடுது, உங்க கம்பெனிய அப்படி கட்டாது. அதுல அங்கிள் சொல்றது சரி. ஆனா 2008-ஆம் வருஷத்து கம்பெனிச் சட்டம் 72வது பிரிவும் அதோட 43வது ரெகுலேஷனும் வேற கதை. சோஷியல் அண்ட் எதிக்ஸ் கமிட்டி அரசாங்க கம்பெனிக்கும் லிஸ்டட் கம்பெனிக்கும் மட்டும் இல்ல, கடந்த அஞ்சு வருஷத்துல ஏதாவது ரெண்டு வருஷம் பப்ளிக் இன்டரெஸ்ட் ஸ்கோர் (கம்பெனி பொது ஜனங்கள எவ்வளவு தொடுதுன்னு அளக்குற நம்பர்) 500 தாண்டின எந்த கம்பெனிக்கும் வேணும். ஸ்கோர் போடுறது சுலபம்: சராசரியா ஒரு எம்ப்ளாயிக்கு 1, வியாபாரத்துல ஒவ்வொரு 10 லட்சம் ரேண்டுக்கும் 1, வெளியாருக்கு கொடுக்க வேண்டிய கடன்ல ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் 1, கம்பெனியில பங்கு உரிமை இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் 1.

நீங்க கொடுத்த நம்பர்: பர்மனென்ட் ஆளு 150, வியாபாரம் 21 கோடி ரேண்ட், கடன் 8 கோடி 50 லட்சம், பங்குதாரர் நாலு பேர். 150, 210, 85, 4, கூட்டினா 449. ஐநூறுக்கு கீழ. ஆனா லெட்டர்ல இன்னொரு இடத்துல, வேற விஷயமா, லேபர் புரோக்கர் மூலமா 110 பேர் வர்றாங்கன்னும் அதுல பாதி பொம்பளைங்க ரெண்டு மூணு வருஷமா அதே மெஷின்ல நிக்கிறாங்கன்னும் கிளவ்ஸ் அவங்களுக்கு பர்மனென்ட் ஆளுங்க போட்டு பழசானதுதான் கிடைக்குதுன்னும் எழுதியிருக்கீங்க. தொழிலாளர் உறவு சட்டம் 198-ஏ பிரிவு 2015 ஜனவரியில இருந்து அமல்ல இருக்கு: வருமான வரம்புக்கு கீழ இருக்கிறவங்க, தற்காலிக வேலைன்னு சட்டம் சொல்ற காரணம் இல்லாம மூணு மாசத்துக்கு மேல வேலை செஞ்சா உங்க கம்பெனியோட ஆளாத்தான் கணக்கு, முதலாளி புரோக்கர் இல்ல உங்க கம்பெனிதான்னு 2018-ல அரசியல் சாசன கோர்ட்டே தீர்ப்பு சொல்லிடுச்சு. அந்த 110-ஐ சேத்தா 559.

அந்த கணக்குல எல்லாரையும் சேக்கலாமாங்கிறதுல உங்க ஆடிட்டர் வாதாடுவார், நான் சேக்கணும்னு வாதாடுவேன், அது வேற. ஆனா நான் அந்த நம்பர ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன் தங்கச்சி. ரிப்போர்ட்ல எந்த ஆளுங்கள எண்ணாம விட்டாங்களோ அதே ஆளுங்கதான் கம்பெனிய கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளுறாங்க. கமிட்டி வந்துட்டா குறைஞ்சது மூணு பேர், அதுல ஒருத்தராவது அன்றாட நிர்வாகத்துல இல்லாத டைரக்டரா இருக்கணும், சுற்றுச்சூழல், தொழிலாளி நிலைமை, பக்கத்து ஜனங்களோட ஆரோக்கியம் எல்லாத்தையும் பாத்து பங்குதாரர் கூட்டத்துல சொல்லணும். அங்கிள் இல்லாத ஒரு காது உங்களுக்கு கிடைக்கும்.

"ஐ.எஸ்.ஓ. இருக்கு, கோயிலுக்கும் இவ்வளவு செய்றாரு"

ஐ.எஸ்.ஓ. 14001 எவ்வளவு அழுக்கு விடலாம்னு எந்த அளவும் சொல்றதில்ல, விஷயத்த முறையா நடத்துறீங்களா, சட்டத்த மதிக்கிறதா வாக்கு கொடுத்திருக்கீங்களான்னு பாக்குற சான்றிதழ் அது. சுவத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறதால குழாய் மூடிடாது. அன்னதானம் பத்தி எனக்கு சொல்லவே மனசு கஷ்டமா இருக்கு, நானும் அந்த பந்தியில உக்காந்து சாப்பிட்டவதான், அவர் மனசார செய்றார்னே வச்சுக்கறேன். ஆனா கறுப்பின மக்களோட பொருளாதார முன்னேற்றத்துக்கான பி.பி.பி.இ.இ. ஸ்கோர்கார்டுல சமூக உதவிக்கு கிடைக்கிற பாயின்ட் ஒரு கணக்கு, தண்ணிச் சட்டம் வேற கணக்கு, ஒண்ணுல வரவு வச்சு இன்னொண்ணுல கழிக்க எந்த சட்டத்துலயும் இடம் இல்ல.

"வாய் தொறந்தா ரகசிய ஒப்பந்தம்னு கேஸ் போடுவாங்க"

2000-ஆம் வருஷத்து பாதுகாக்கப்பட்ட தகவல் வெளியீட்டு சட்டம், நாம விசில்புளோயர் சட்டம்னு சொல்றது, அதோட 2வது பிரிவு தெளிவா சொல்லுது, இந்த மாதிரி தகவல் சொல்றத தடுக்குற எந்த ஒப்பந்த வரியும் செல்லாது. சுற்றுச்சூழல் சட்டம் 31வது பிரிவு தனியா இன்னொரு பாதுகாப்பு கொடுக்குது, சுற்றுச்சூழல் ஆபத்து பத்தி நல்லெண்ணத்தோட, சரியான இடத்துல சொன்னவங்கள வேலைய விட்டு எடுக்கவோ தொல்லை பண்ணவோ கூடாது. மீறி எடுத்தா அது தானாவே நியாயமில்லாத பணிநீக்கம், 24 மாச சம்பளம் வரைக்கும் இழப்பீடு கேக்கலாம். ஆனா தேதி முக்கியம்: வேலைய விட்டு எடுத்தா சி.சி.எம்.ஏ-ங்கிற தொழிலாளர் தகராறு தீர்க்கிற அமைப்புக்கு 30 நாளுக்குள்ள போகணும், வேலையில வச்சுக்கிட்டே பதவிய குறைக்கிறது, தொந்தரவு பண்றதுன்னா 90 நாள். இந்த நாள விட்டுட்டு அழுதுட்டு வந்த எத்தனையோ பேர பாத்திருக்கேன்.

சரி, உங்க மூணு வழி.

கையெழுத்து போட்டுட்டு பேசாம இருக்கிறது, நான் வேண்டாம்னு சொல்றேன். போன ரெண்டு வருஷம் போட்டது ஒரு மாதிரி, தெரிஞ்சு பயந்து போட்டது. இப்போ நீல நுரைய கண்ணால பாத்துட்டு, என்கிட்ட எழுத்துல சொல்லிட்டு போட்டா அது வேற மாதிரி. கஸ்டமர் அந்த ரிப்போர்ட்ட நம்பித்தான் ஆர்டர் கொடுக்குறாங்க, நாளைக்கு அது பொய்னு தெரிஞ்சா மோசடின்னு வரும், முதல்ல கேக்குற பேர் கீழ கையெழுத்து போட்டவங்களோடதுதான்.

சத்தமில்லாம வேலைய விடுறது உங்க மனசுக்கு லேசா இருக்கலாம், ஆனா வீட்டுல ஒரே சம்பளம், தானா விட்டுட்டு அப்புறம் "விட வச்சாங்க"ன்னு நிரூபிக்கிறது கோர்ட்ல ரொம்ப கஷ்டம், போட்ட பழைய கையெழுத்தும் உங்களோட வந்துடாது, அங்கயே ஃபைல்ல இருக்கும்.

ஃபேஸ்புக் வீடியோ பத்தி உங்க ஆத்திரம் எனக்கு புரியுது, ஆனா அத இப்போ போடாதீங்க. பத்திரிகைக்கோ பொதுவுலயோ போறதுக்கு சட்டம் வைக்கிற கண்டிஷன் அதிகம், உடனடியான பெரிய ஆபத்து இருக்கணும், இல்ல உள்ள சொல்லி ஒண்ணும் நடக்காம போயிருக்கணும், அந்த மாதிரி. அந்த நேரத்துல அந்த கேட் பக்கத்துல நிக்கக்கூடிய ஆளு மூணு பேர்தான்னா உங்க பேர் இல்லாம போட்டாலும் பேர் போட்ட மாதிரிதான். வீடியோவ அழிக்காதீங்க, அவ்வளவுதான்.

நான் சொல்றது நாலாவது வழி, மெதுவான வழி.

முதல்ல உங்களுக்கு ஒரு வக்கீல்

அங்கிள்கிட்ட பேசுறதுக்கு முன்னாடியே. வக்கீல்கிட்ட ஆலோசனைக்காக சொல்றதுக்கே விசில்புளோயர் சட்டம் 5வது பிரிவுல பாதுகாப்பு இருக்கு. இது ஏன் முதல்லன்னா, 2017 திருத்தத்துல வந்த 9-ஏ பிரிவு ஒரு விஷயத்த நேரா சொல்லுது: தகவல் சொன்னதுக்காக உங்கள கேஸ்ல இருந்து காப்பாத்தும், ஆனா அந்த தப்புல உங்க பங்கு இருந்தா அத மன்னிக்காது. பழைய ரெண்டு கையெழுத்து அங்க நிக்குது. தானா முன்வந்து சொல்றவங்களுக்கும் மாட்டினவங்களுக்கும் வித்தியாசம் இருக்கு, ஆனா அத எப்படி, எந்த வார்த்தையில வைக்கிறதுன்னு ஒரு ஆளு உங்க பக்கத்துல உக்காந்து பாக்கணும். காசு இல்லன்னு தயங்காதீங்க, லீகல் எய்ட் இருக்கு, சுற்றுச்சூழல் விஷயத்துக்குன்னே சென்டர் ஃபார் என்விரான்மென்டல் ரைட்ஸ் இருக்கு, விசில்புளோயர் ஹவுஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, நம்ம பக்கத்துலயே சவுத் டர்பன் கம்யூனிட்டி என்விரான்மென்டல் அலையன்ஸ் இத்தனை வருஷமா காத்துக்கும் தண்ணிக்கும் போராடுற ஆளுங்க, வழி தெரியும்.

அப்புறம் எழுத்து

ஒரு சாதாரண நோட்டு வாங்குங்க, ஸ்பைரல் வேண்டாம், தைச்ச நோட்டு, பக்கம் கிழிச்சா தெரியணும். தேதி, மணி, எந்த ஷேட், எவ்வளவு நேரம் பம்ப் ஓடுச்சு, யாரு ஷிஃப்ட். கேட்டது வேற, பாத்தது வேற, பிரிச்சு எழுதுங்க. கம்பெனி ஃபைல மொத்தமா உங்க ஜிமெயிலுக்கு அனுப்பாதீங்க, அதையே பிடிச்சுக்கிட்டு உங்க மேல டிசிப்ளினரி வைப்பாங்க. எந்த லேப் ரிப்போர்ட், எந்த தேதி, எங்க இருக்குன்னு லிஸ்ட் மட்டும் போதும், கோர்ட் கேட்டா கம்பெனி கொடுத்துத்தான் ஆகணும்.

அதுக்கு அப்புறம் முதலாளிக்கு ஒரு மெயில், சண்டை இல்லாம. "அங்கிள், இந்தந்த தேதியில டேங்க் நிரம்பி மழைத்தண்ணி டிரெயினுக்கு பம்ப் பண்ணியிருக்கு, லேப்ல சி.ஓ.டி.ங்கிற மாசு அளவு இது, அதனால மீறல் இல்லன்னு என்னால கையெழுத்து போட முடியாது, நடந்தத எழுதி, சரி பண்ற பிளானும் சேத்து அனுப்பினா போடுறேன்." இவ்வளவுதான். இது சட்டப்படி உள்ளுக்குள்ள செஞ்ச தகவல் வெளியீடு. 21 நாளுக்குள்ள விசாரிக்கப் போறாங்களா இல்லையான்னு உங்களுக்கு எழுத்துல சொல்லணும். பொய்னு தெரிஞ்சே சொன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்னு அதே திருத்தத்துல இருக்கு, அதனால ஒரு சொட்டு கூட கூட்டி எழுதாதீங்க.

எனக்கு என்ன தோணுதுன்னா, அங்கிள் நீங்க நினைக்கிற அளவுக்கு மூடின கதவு இல்ல. டேங்க் பெருசாக்க காசு இல்ல, ஆர்டர விட மனசில்ல, அதுலதான் மாட்டியிருக்கார். மீறல் நடந்துச்சு, இன்ன மாசத்துக்குள்ள ரெண்டாவது டேங்க், அதுவரைக்கும் டார்க் கலர் ஆர்டர குறைச்சுக்கறோம்னு நேர்மையா எழுதுற சப்ளையர கைவிடுறதா இல்லையான்னு கஸ்டமர் யோசிப்பாங்க, ஆனா பொய் சொன்ன சப்ளையர பத்தி யோசிக்கவே மாட்டாங்க. இத வச்சே அவர்கிட்ட பேசலாம்.

21 நாள் போயும் ஒண்ணும் இல்ல, குழாய் இன்னும் ஓடுதுன்னா முனிசிபாலிட்டியோட தண்ணிப் பிரிவு, தண்ணித் துறை, நாம கிரீன் ஸ்கார்ப்பியன்ஸ்னு சொல்ற சுற்றுச்சூழல் இன்ஸ்பெக்டருங்க. அங்க போறப்போ உங்க வக்கீல் கூட இருக்கணும்.

பயம் பத்தி ஒண்ணு கேட்டிருந்தீங்க, "இந்த நாட்டுல சொன்னவங்க கதி என்னன்னு தெரியும்ல அக்கா"ன்னு. தெரியும். 2021 ஆகஸ்ட்ல பபிதா தேவ்கரன், கௌட்டெங் ஹெல்த் டிபார்ட்மென்ட்ல ஊழல கண்டுபிடிச்சவங்க, பொண்ண ஸ்கூல்ல விட்டுட்டு திரும்பி வர்றப்போ வீட்டு வாசல்ல சுட்டாங்க. ஆறு பேர் 2023-ல குத்தத்த ஒத்துக்கிட்டு ஜெயிலுக்கு போனாங்க, அந்த பொண்ணுக்கு அம்மா இல்ல. சட்டம் இருக்குன்னு சொல்லி உங்க பயத்த நான் சின்னதாக்க மாட்டேன். அந்த விஷயத்துல இருந்த பணமும் ஆளுங்களும் வேற, உங்க நிலைமை அதில்லன்னு நான் நம்புறேன், ஆனாலும் யாராவது மிரட்டினா அன்னிக்கே போலீஸ்ல எழுதிக் கொடுத்து கேஸ் நம்பர் வாங்குங்க, வீட்டுக்காரர்கிட்ட இன்னிக்கே எல்லாத்தையும் சொல்லுங்க, இவ்வளவு நாளா அவர்கிட்ட சொல்லலன்னு எழுதியிருந்தது எனக்கு ரொம்ப வலிச்சுது. தனியா தூக்காதீங்க.

ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய தேதி மாசக் கடைசின்னு சொன்னீங்க, அப்போ நேரம் இருக்கு. திங்கக்கிழமை வக்கீல் அப்பாயின்ட்மென்ட், அதுக்கு பெர்மிட்டோட கண்டிஷன் பக்கத்தையும் போன ரெண்டு வருஷ ரிப்போர்ட்டுல நீங்க கையெழுத்து போட்ட பக்கம் எதுன்னு குறிச்சதையும் எடுத்துட்டு போங்க. புரோக்கர் ஆளுங்கள்ல மூணு மாசம் தாண்டினவங்க எத்தனை பேர்னும் ஒரு எண்ணிக்கை போட்டு வைங்க, கிளவ்ஸ் விஷயத்த வக்கீலுக்கு காத்திராம நாளைக்கே எழுத்துல கேளுங்க, அது உங்க வேலைக்குள்ள வர்றது, அதுக்கு யார்கிட்டயும் அனுமதி தேவையில்ல.